மருதமரத்தில் நான் கீறிய மருதமரம்

நான் கீறுவது மரம். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் சொன்னாலும் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.

மன்னார் தீவில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்தி பெரிய வகுப்புக்குப் போனதும் அவளுடைய கலர்ப் பென்சில் பெட்டி அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தது. எறியப் போகிறோம் என்றார்கள். எறிவானேன் என்று எடுத்து வைத்தேன். ஒரு மத்தியானம் எல்லோரும் படுத்திருந்த நேரம், பழைய கலண்டர்த் தாளைத் திருப்பிப் போட்டு ஒரு மரம் கீறினேன். பிறகு இன்னொன்று. சிறுபிள்ளையில் விட்ட வேலை. இத்தனை காலமும் நான் பேனை பிடித்தது கையெழுத்து வைக்க மட்டும்தான். ஆனால் கொப்பு எந்த இடத்தில் வளைய வேண்டும் என்பதைக் கை மறக்காமல் வைத்திருந்தது. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இந்த வயதில், குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, பச்சைப் பென்சிலைச் சீவிச் சீவி.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. மகள் அதைப் போனில் படம் எடுத்து எங்கேயோ போட்டுவிட்டாள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கொழும்பில் இருந்து வந்த ஒரு தம்பி, தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, கிட்டப் பிடித்துப் பார்த்து, "அம்மா, இந்தக் கொப்பெல்லாம் கையைத் தூக்கி அழுகிற சனம் மாதிரி இருக்கு. சண்டையிலை பறிகுடுத்தவையை நினைச்சுக் கீறினீங்களோ?" என்று கேட்டான். இல்லைத் தம்பி, அது கொப்பு என்றேன். அவன் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனோடு வந்த பிள்ளை, இல்லை, இது நரம்பு, பெண்ணின் உடம்பு என்றாள். வேறொருவர் வந்து, மன்னார் என்றால் பெருக்கமரம்தானே, அதைக் கீறித் தாங்கோ, வெளிநாட்டுச் சனம் விரும்பும் என்றார். பெருக்கமரத்தோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நிற்கும் முதலாளி மாதிரி. அதில் கீற என்ன இருக்கிறது. முற்றத்துக்குப் பறந்துபோன ஒரு படத்தைத் தெருக் கழுதை தின்றுவிட்டது. அது ஒன்றுதான் இலை என்று விளங்கிக்கொண்டது.

இப்போது ஏதோ புத்தகம் போடப் போகிறார்களாம். ஏன் மரத்தை மட்டும் கீறுகிறீர்கள், சிறுவயதில் ஏதும் நடந்ததா, எழுதித் தாருங்கள் என்கிறார்கள். நடந்ததுதான். வாயால் சொன்னால் பாதியில் புகுந்து தாங்கள் நினைத்ததைச் சொல்லிவிடுவார்கள். எழுத்துக்குள் அப்படிப் புகமுடியாது. ஐந்தாம் வகுப்புப் படித்த கை. பிழை இருந்தால் மகள் திருத்தட்டும். மரத்தை மட்டும் ஒருவரும் திருத்த வேண்டாம்.

எங்கள் ஊர் முருங்கனில் இருந்து உள்ளே போகிற வயல் ஊர். எங்கள் வயலின் மூலையில், வாய்க்கால் ஓரமாக, ஒரு மருது நின்றது. மருதின் உடம்பு வேம்பைப் போலவோ பாலையைப் போலவோ வெடித்திருக்காது. பட்டை தகடு தகடாக உரிந்து விழ, உள்ளே வெள்ளையும் சாம்பலும் கலந்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வழுவழுவென்று இருக்கும். அந்த மரம் அடியில் இருந்து ஒரே நெட்டாகப் போய், மேலே மூன்று பெரிய கொப்பாகப் பிரிந்தது. ஒன்று றோட்டுப் பக்கம் வளைந்தது, ஒன்று வாய்க்கால் பக்கம் வளைந்தது, நடுவில் உள்ளது பக்கம் பார்க்காமல் வானத்துக்குப் போனது. அந்த மூன்றில் இருந்துதான் மற்றக் கொப்புகள், அதிலிருந்து சின்னக் கொப்புகள், பிறகு ஈர்க்கு மாதிரி நுனிகள், பிறகு இலை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தை மாதத்தில் நெல் பால் பிடித்த நாளில் இருந்து கதிர் வெட்டும்வரைக்கும் அந்த மரத்தடியில் இருந்து குருவி கலைப்பது என் வேலை. அந்த நாட்களில் பள்ளிக்கூடம் இல்லை, எனக்கு மட்டும். ஒரு தகரப் பேணியும் தடியும் தருவார்கள். கிளி இறங்கினால் தட்ட வேண்டும். கிளி இறங்காத நேரத்தில் மல்லாந்து படுத்து மேலே பார்க்கலாம். ஒரு கொப்பைப் பிடித்து அதன் நுனிமட்டும் கண்ணாலே போய் வருவேன். வழியில் தவறிவிட்டால் திரும்பவும் அடியில் இருந்து தொடங்க வேண்டும், அதுதான் நான் எனக்கு வைத்த சட்டம்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மரம் கீறக் காட்டித் தந்திருந்தார். இரண்டு கோடு, அதன் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மாம்பழங்கள். எல்லாப் பிள்ளைகளும் அப்படியே கீறினார்கள். எனக்கு அது அகப்பைக்கு அம்மை போட்ட மாதிரித் தெரிந்தது. நான் என் சிலேட்டில் மருதைக் கீறிக் கொண்டுபோய்க் காட்டினேன். "உதென்ன, முள்ளுப் பத்தையோ?" என்று கேட்டுவிட்டு, தன் ஈரத் துணியால் துடைத்து, அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுத் தந்தார். அன்றைக்கே எனக்கு ஒன்று விளங்கியது. சிலேட்டில் கீறினால் துடைப்பார்கள். துடைக்க முடியாத இடத்தில் கீற வேண்டும்.

அந்த வருடம்தான் அக்காவுக்குக் கலியாணம் பேசினார்கள். பேசியது பெரிய மாமா, அம்மாவின் மூத்த தம்பி. மாப்பிள்ளை வெள்ளாங்குளத்தில் மாமியின் தம்பி. முதல் பெண்சாதி செத்து, இரண்டு பிள்ளைகளோடு இருந்தவர். ஐயாவை விடச் சில வயதுதான் குறைவு என்று நினைக்கிறேன், ஆனால் உழவு மெசின் வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தபோது எனக்கென்று ஒரு பை நிறைய பிஸ்கட் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு உலகத்தில் அவரைவிட நல்ல மாப்பிள்ளை இருக்க முடியும் என்று யார் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அக்காவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. முதலெல்லாம் நெல்லுக் குத்தும்போதும் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் ஏதாவது பகிடி சொல்லிக்கொண்டிருப்பாள், அது நின்றுபோயிற்று. எல்லாப் பொம்பிளைகளுக்கும் வருகிற கவலை என்று அம்மா சொன்னார். அவரைக் கட்டினால் நாள் முழுக்க பிஸ்கட் தின்னலாம், இதில் என்ன கவலை என்று எனக்கு அவள்மேல் எரிச்சலாக இருந்தது.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. வைகாசிக்குள் பொம்பிளைக்கு ஓட்டு வீடு வேண்டும். ஓலை வீடு சரிவராது. வைகாசி தப்பினால் தாங்கள் வேறு இடம் பார்ப்போம் என்று மாமாவிடமே சொல்லியிருந்தார்கள். ஐயா எங்கள் காணியிலேயே சுவரை எழுப்பிவிட்டார். கூரை வளைக்கும் குறுக்குத் தீராந்திக்கும் கதவு நிலைக்கும் மரம் வாங்க வழியில்லை. எங்களுக்கென்று இருந்த ஒரே மரம் வாய்க்கால் மருது. "அத்தான், அது ஒண்டு காணும். முழு வீட்டுக்கும் காணும்," என்று மாமா மரத்தைத் தட்டித் தட்டிச் சொன்னார், ஏதோ தான் வளர்த்த மாட்டைத் தட்டுவதுபோல. ஐயா அண்ணாந்து பார்த்துவிட்டு, சரி என்றார். மரம் அரிகிற ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மரம் விழுந்தால்தான் வீடு, வீடு எழும்பினால்தான் கலியாணம்.

மரம் போகிறதே என்று நான் அழுதேன் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். நான் அழவில்லை. மரம் போனால் அக்கா வீட்டுக்கு முகட்டில் வளையாக வரும், அங்கே மல்லாந்து படுத்துப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். எனக்கு வந்த யோசனை வேறு. மரத்தின் உடம்பில் மரத்தைக் கீறிவிட்டால், அந்த உடம்பு வீட்டுக்குப் போகும், படமும் கூடப் போகும். ஒரு வாத்தியாரும் முகட்டில் ஏறித் துடைக்கமாட்டார். பட்டையைச் செதுக்கித்தான் வளை செய்வார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

கரியால் கீறினால் நிற்காது. சிவப்பு வேண்டும். ஆலாத்தி எடுக்கும்போது பார்த்திருக்கிறேன், மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பு பட்டால் இரத்தம்போலச் சிவக்கும். அம்மா அரைத்து வைத்த மஞ்சளில் ஒரு உருண்டையும், ஐயாவின் வெற்றிலைத் தட்டத்தில் ஒரு விரல் சுண்ணாம்பும் எடுத்து, சிரட்டையில் குழைத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். தடியின் நுனியில் துணியைச் சுற்றி அடிமரத்தையும் மூன்று பெரிய கொப்பையும் கீறினேன். மற்றக் கொப்புகளுக்கு ஓலை ஈர்க்கு. ஒவ்வொன்றுக்கும் அண்ணாந்து பார்த்தேன், பார்த்துவிட்டுக் கீறினேன். இலைக்கு விரல் நுனி. அன்றைக்குக் கிளிகளுக்குக் கொண்டாட்டம்தான்.

மத்தியானம் அக்கா சோறு கொண்டுவந்தாள். படத்துக்கு முன்னால் சட்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னடி உது?"

"மருது."

அவள் என்னைப் போலவே அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள். "வாய்க்கால் பக்கத்துக் கொப்பு இன்னும் கொஞ்சம் வளைய வேணும்," என்றாள். உண்மைதான். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. என் ஆயுளில் இன்றுவரை நான் கீறியதைப் பார்த்து ஒருவர் சொன்ன சரியான வார்த்தை அது ஒன்றுதான்.

நான் வளைத்துக்கொண்டிருக்க, அவள் மரத்தடியில் குந்தி இருந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு தின்று முடிந்ததும், "நீ வீட்டை போ. பின்னேரம்மட்டும் நான் குருவி பாக்கிறன்," என்றாள். கலியாணப் பொம்பிளை வெயிலில் நிற்கக் கூடாது என்று அம்மா அவளை வாசலுக்கே விடாத காலம். அம்மா திட்டிப் பேசுவார் என்றேன். "பேசினால் நான் கேக்கிறன். நீ போ." எனக்கென்ன. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அடுத்த நாள் காலமை மரம் அரிகிறவர்கள் வந்தார்கள், இரண்டு பேர் இழுக்கிற பெரிய வாளும் கோடாலியுமாக. ஐயா, மாமா, பின்னால் அம்மா. படத்தைக் காட்டப் போகிறேன் என்று நான் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். போய்ப் பார்த்தால், என் கொப்புகளைக் காணவில்லை. இலை ஒன்றும் இல்லை. அடிமரமும் மூன்று பெரிய கொப்பும் மட்டும் பளிச்சென்று நின்றன, மற்றதெல்லாம் மொட்டை. பனி கழுவிவிட்டது என்று நினைத்தேன். பனியில் ஒரு கோடுகூட வழியாமல் எப்படிச் சின்னக் கொப்புகள் மட்டும் போகும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அடியில் இரண்டு செவ்வரத்தம்பூ கிடந்தது.

எங்கள் பக்கத்தில் வைரவருக்குக் கோயிலும் வேண்டாம், சிலையும் வேண்டாம். ஒரு மரமும் ஒரு சூலமும் போதும், அது அவர் இருக்கிற இடம். அப்படி ஒரு மரத்தில் கத்தி வைக்க யாரும் துணியமாட்டார்கள். அரிகிறவர்களில் வயதானவர் வாளைக் கீழே வைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார்.

"இதென்னண்ணை, வைரவர் இருக்கிறார். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"முந்தநாள் பாக்கேக்கை இல்லை," என்றார் ஐயா.

"ஆரும் பெடியளின்ரை வேலை," என்றார் மாமா. "அழிச்சுப்போட்டு வாளை வையுங்கோ."

"அப்ப நீங்களே அழியுங்கோ."

மாமா தோளில் இருந்த துவாயை எடுத்துக்கொண்டு மரத்துக்குக் கிட்டப் போனார். கையைத் தூக்கினார். தூக்கிய கை அங்கேயே நின்றது. திரும்பி, "நான் ஏன் அழிக்கிறன்? மரம் அத்தான்ரை. அத்தான் அழிக்கட்டும்," என்றார்.

"மாப்பிள்ளை உங்கடை ஆளெல்லோ மச்சான்," என்றார் ஐயா. "நீங்கள் அழிச்சால்தான் முறை."

இதற்குள் எனக்குப் பொறுக்க முடியவில்லை. ஆட்கள் முன்னால் வாய் திறக்காத பிள்ளை நான். அன்றைக்குத் திறந்தேன். அது சூலம் இல்லை, மரம், நான்தான் கீறினேன் என்றேன். அம்மா தலையில் குட்டினார். நான் கையை விரித்துக் காட்டினேன். இரண்டு கையும் மணிக்கட்டுமட்டும் சிவந்திருந்தது. அந்த வயதானவர் என் கைகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

கீறியது நான் என்று காட்டினால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது இன்னும் பெரிதாகிவிட்டது. மாமா எனக்கு முன்னால் குந்தினார்.

"நீ என்னத்தைக் கீற நினைச்சனீ?"

"மருதை."

"மருதுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு மருதை ஏனடி கீறுறாய்? அதுதான் நிக்குதே."

நான் மரத்தையும் படத்தையும் மாறிமாறிக் காட்டினேன். அரிகிறவர்கள்கூட அது நியாயம் என்று தலையாட்டினார்கள். "உன்ரை கையாலை ஆர் கீறினது எண்டு உனக்குத் தெரியாது," என்றார் மாமா, இப்போது குரலைத் தாழ்த்தி. நான்தான் கீறினேன் என்றேன். "உனக்கு அப்பிடித்தான் தெரியும்," என்றார்.

அப்போதுதான் அக்கா வந்தாள். தோய்ந்து, ஈரத் தலையோடு, கையில் கற்பூரம். எனக்கு உயிர் வந்தது. அக்கா, நீ சொல்லு, நேற்று நீ பார்த்தாய்தானே, அது மரம்தானே என்றேன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. "நேற்றே நான் கும்பிட்டுட்டுத்தான் வந்தனான்," என்று சொல்லிவிட்டு, மரத்தடியில் கற்பூரத்தைக் கொளுத்தி விழுந்து கும்பிட்டாள். அதற்குப் பிறகு யாருக்கு என்ன நினைக்க இருந்தது. ஐயா கும்பிட்டார். அம்மா அழுதார். மாமாவும் துவாயை இடுப்பில் கட்டினார்.

மத்தியானத்துக்குள் ஊர் வந்துவிட்டது. பூசாரியும் வந்தார். என் நெற்றி முழுக்கத் திருநீற்றைப் பூசி, மரத்தடியில் ஒரு பாயில் இருத்திவிட்டார்கள். சனங்கள் வந்து என் சிவந்த கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். கூச்சத்தில் நிலத்தை விட்டுத் தலையைத் தூக்க முடியவில்லை. அதைத் தியானம் என்றார்கள். ஒரு பெண் வந்து, தன் பசுவை இரண்டு நாளாகக் காணவில்லை, எங்கே போயிற்று என்று கேட்டாள். எனக்கெப்படித் தெரியும். நான் படத்தைக் காட்டி, அது மரம், மரம் என்றேன். அவள் ஓடிப்போய் மரங்களுக்குக் கீழே தேடி, பசுவைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். அந்த வெயிலில் பசு வேறெங்கே நிற்கும். ஆனால் அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் எடுபடாமல் போயிற்று. மரம் என்று சொல்லச் சொல்லக் கும்பிட்டார்கள்.

மாமா கெட்டிக்காரர். வைகாசி அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சூலத்தை அழிக்கத்தான் முடியாது, சாமியிடமே உத்தரவு கேட்டால் என்ன என்று யோசித்திருக்க வேண்டும். சனத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையைக் கட்டி நின்று, என்னை 'நீங்கள்' என்று கேட்டார். "அக்காவின்ரை கலியாணத்துக்கு வீடு வேணும். இந்த மரத்தை வெட்டலாமோ? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா பூசாரிக்குப் பின்னால் நின்றாள், தாவணி நுனியை வாயில் வைத்துக் கடித்தபடி. அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை, காய்ச்சல்காரி மாதிரி. நான் என் படத்தை நினைத்தேன். கொப்பு அழிந்தால் என்ன, வீட்டுக்குப் போனபின் திரும்பவும் கீறலாம். பிஸ்கட்டையும் நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை.

"வெட்டுங்கோ," என்றேன். "கெதியா வெட்டுங்கோ."

மாமா கோடாலிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆளும் எழும்பினார். அப்போது பூசாரி கையைத் தூக்கினார். "பொறுங்கோ. விளங்கேல்லையோ உங்களுக்கு? சாமி கோவத்திலை சொல்லுது. வெட்டிப் பாருங்கோடா எண்டு சொல்லுது."

ஐயோ என்று எழும்பிய சனம் இரண்டடி பின்னால் போயிற்று. நான் கோபத்தில் இல்லை என்று கத்தினேன். கத்தியதும் அவர் சொன்னது உறுதியாகிவிட்டது. வாள்காரர்கள் சாமானைத் தோளில் போட்டுக்கொண்டு, ஐயா தர வந்த வெற்றிலையைக்கூட வாங்காமல் போனார்கள்.

மாமா பஸ் பிடித்து வெள்ளாங்குளத்துக்குப் போய், அடுத்த நாள் பின்னேரம் திரும்பி வந்தார். வீட்டு மரத்திலேயே வைரவர் வந்து மறிக்கிற சம்பந்தம் தங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வேறு இடமும் பார்த்தாயிற்றாம். எனக்கு பிஸ்கட் போயிற்று. அத்தோடு அம்மா என் தலையில் கைவைத்து, இனி உன் கையில் கரியோ மஞ்சளோ சுண்ணாம்போ காணக் கூடாது, சாமியோடு விளையாட்டு வேண்டாம் என்று சத்தியம் வாங்கிவிட்டார். என் கீறல் வேலை அன்றோடு நின்றது. சத்தியம் வாங்கியவர் போய் எவ்வளவோ காலம்; கலர்ப் பென்சிலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவுமில்லை.

மரம் தப்பியது. அதன் அடியில் பிறகு ஒரு இரும்புச் சூலம் நட்டார்கள், சின்னதாகக் கூரையும் போட்டார்கள். என் படத்தையும் விடவில்லை. வருடப் பொங்கலுக்கு யாராவது ஒருவர் அதன் மேல் சிவப்புப் பெயின்ரைப் பூசிப் பூசி, இப்போது அது உண்மையாகவே சூலம்தான், மரம் என்று நானே சொல்ல முடியாது. அக்கா சில வருடம் கழித்துத் தானே பார்த்துச் சரி என்று சொன்ன ஒருவரைக் கட்டினாள். முகடில்லாமல் நின்ற சுவருக்கு மேலே ஓலை போட்டு, அதில்தான் குடும்பம் நடத்தினாள்.

நான் சொல்ல வந்தது மாமா திரும்பி வந்த அந்தப் பின்னேரத்தை. சாமி கீறிய கை என்று அதுவரை என்னைக் கழுவ விடவில்லை. இனிக் கழுவலாம் என்று அம்மா சொல்ல, அக்கா ஒரு துண்டுப் புளியை எடுத்துக்கொண்டு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புளி பட்டால் அந்தச் சிவப்பு மஞ்சளாகிப் பிறகு போய்விடும். அவள் வாளியில் தண்ணி அள்ளி வைத்து, என் கையைப் பிடிக்க வந்தாள். அவளுடைய நகக்கண்கள் எல்லாம் சிவந்திருந்தன, தாவணி நுனியிலும் துடைத்த சிவப்பு இருந்தது. உனக்கேன் சிவந்தது என்று கேட்டேன்.

"உன்னைக் கழுவினதிலைதான்," என்றாள்.

இன்னும் கழுவத் தொடங்கவே இல்லை. ஆனால் பெரியவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் கொப்புகளைக் கழுவியது பனி இல்லை, வெயில் ஏறிய அந்த மத்தியானத்தில் ஒவ்வொரு கொப்பாக, பெரிய மூன்றும் கெடாமல், இருந்து துடைத்தது அந்தக் கைதான் என்பது, எனக்கும் ஒருவர் மாப்பிள்ளை பேசி வந்த நாளில்தான் விளங்கியது.

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு முறைப்பாடு. அத்தனை சனத்துக்குள்ளும் உண்மை தெரிந்தவள் இவள் ஒருத்தி, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அது மரம்தானே, சொல்லு, மரம்தானே என்று கையை உதறினேன்.

"மரம்தான்," என்றாள் அக்கா. "வடிவான மரம். ஒரு கொப்புப் பிழையில்லை."

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர. கலியாணப் பேச்சு வந்த நாள் தொடங்கி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என் மரத்தை நினைத்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பாதி மஞ்சளும் பாதி சிவப்புமான கையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, அந்தக் கிழமை முழுக்க அவளோடு கதைக்காமல் இருந்தேன்.